ஆத்தங்குடிக் கல்லில் நாலு சக்கர வாக்கர்

காரைக்குடியில் அப்பச்சிக்காக வாங்கிய வாக்கர் இது. அவருக்கு இருப்பது எஸ்சிஏ 2, பரம்பரையாக வரும் தள்ளாட்ட நோய். 12ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவுக்குள் சிஏஜி என்ற டிஎன்ஏ எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்து அளவுக்கு மீறி நீண்டுவிடுவதால், சிறுமூளையின் பர்கின்ஜி என்ற நரம்பு செல்கள் மெல்ல அழிகின்றன. மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியும் சுருங்குகிறது. கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும் நரம்பணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் கூப்பிட்டால் அப்பச்சியின் முகம் முதலில் திரும்பும், பார்வை பின்னால் ஊர்ந்து வந்து சேரும்.

இப்படிப்பட்டவருக்கு வாக்கர் ஓடக்கூடாது. இதுவோ ஓடுகிறது! எடை ரொம்பக் குறைவு. முழங்கால் வலிக்காரருக்கு அது வசதி, தள்ளாடுகிறவருக்கு ஆபத்து. பட்டாலை என்கிற கூடத்தின் வழவழ ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஆளை விட்டுவிட்டு முன்னே போய்விடுகிறது. அப்புறம் அடிக்கூடையில் மணல் பையை வைத்துக் கட்டினோம், அடங்கியது.

பிரேக் நல்ல பிடிப்பு. உட்காரும் பலகையும் அகலம். வளவு என்கிற நடுமுற்றப் பகுதியைச் சுற்றி வரும்போது பாதியில் அதில் உட்கார்ந்துகொள்கிறார். நிலைப்படியை மட்டும் இது தாண்டாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். நம் வீடுகளின் நிலைப்படி உயரத்துக்குக் கடைக்காரர் என்ன செய்வார், பாவம்.

தள்ளாட்டம் உள்ளவருக்கு வாங்குவதென்றால் கனமானதாக, சக்கரத்தை இறுக்கி வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதாகக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டையும் கூட்டிப் போனால் நல்லது.