கானாடுகாத்தானில் ஒரு டாஸ்மேனிய விருந்து

டாஸ்மாக் என்ற சொல்லைக் கேட்டே பழகிய நமக்கு டாஸ்மேனியா என்றதும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடொன்றை விடுதியாக மாற்றி, மதுக்கூட உரிமமும் பெற்று நடத்துகிறவர்கள், கடந்த பங்குனியில் ஒரு சனிக்கிழமை இரவு அந்த ஆஸ்திரேலியத் தீவின் ஒயின்கள் மூன்றைச் செட்டிநாட்டுச் சமையலோடு சேர்த்து விருந்து வைத்தார்கள். ஆளுக்கு 6,500 ரூபாய். தேவகோட்டையிலிருந்து சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பினாங்கில் பல ஆண்டுகள் இருந்தவர் அவர்; சாப்பாட்டு விஷயத்தில் யாருக்காகவும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்.

இரண்டாம் கட்டின் முற்றத்தைச் சுற்றிப் பதினாறு பேருக்கு இலை போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், பரிமாறுவதற்கு முன் கால்மணி நேரம் பேசினார். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 40 முதல் 43 பாகை தென் அட்சரேகைக்குள் கிடக்கும் தீவு அது. மேற்கிலிருந்து தடையின்றி வீசும் கடற்காற்றால் கோடையிலும் குளிர்ச்சி குறையாத இடம். வெப்பமான ஊரில் திராட்சைக்குச் சர்க்கரை விரைவாக ஏறும், புளிப்போ அதே வேகத்தில் கரைந்துவிடும். குளிர்ந்த ஊரில் பழம் நிதானமாகக் கனிவதால் மணம் கூடும் வரை கொடியில் விட்டுவைத்தாலும் புளிப்பு தங்கிவிடுகிறது என்று அவர் விளக்கியபோது, சமையற்கட்டு வாசலில் நின்ற ஆச்சி ஒருவர் தலையை ஆட்டினார்.

ஒயின்காரர்களின் கதையை அவர் இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். ஆப்பிள் தீவு என்றே பெயர் வாங்கிய அந்த மண்ணில், இத்தாலியில் பிறந்து துணித் தொழில் நடத்திய கிளாடியோ அல்கோர்சோ 1958இல் டெர்வென்ட் ஆற்றங்கரையில் மூரில்லா என்ற திராட்சைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த தலைமுறையில், சிட்னி பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பில் முனைவர் பட்டம் பெற்ற ஆண்ட்ரூ பிரி, ஐரோப்பிய ஒயின் பகுதிகளின் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்டு இடம் தேடி, 1974இல் தீவின் வடகிழக்கில் பைப்பர்ஸ் புரூக் தோட்டத்தை நிறுவினார். ஒருவர் துணிச்சலை நம்பினார், மற்றவர் கணக்கை நம்பினார். கடல் கடந்து கொண்டுவிற்ற குடும்பங்கள் கட்டிய வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்குப் பொருத்தமான கதைதான்.

முதலில் வந்தது ஜான்ஸ் என்ற நுரைக்கும் ஒயின். பிரான்சின் ஷாம்பெயின் நிறுவனமான லூயி ரோடரரும் டாஸ்மேனியாவின் ஹீம்ஸ்கெர்க் ஒயின் நிறுவனமும் 1986இல் கூட்டாகத் தொடங்கிய பெயர் அது. 1642இல் அந்தத் தீவைக் கண்ட டச்சு மாலுமி ஆபெல் ஜான்சூன் டாஸ்மானை நினைவூட்டுகிறது. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து, அந்த ஈஸ்டின் மேலேயே கிடக்க விடுவதால் வரும் ரொட்டி வாசம் வெள்ளைப் பணியாரத்தின் மாவு வாசத்தோடு இயல்பாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் கூடவே மிளகாய்ச் சட்னியை வைத்தது தவறு. நுரை, காரத்தை நாக்கில் இன்னும் குத்தவைக்கிறது. நான் சட்னியை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து, டேமார் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை நண்டு மசாலாவோடு கொடுத்தார்கள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோன்ற மணம், மெல்லிய உடல், நீண்ட புளிப்பு. "நண்டுல புளி கொஞ்சம் கம்மிப்பா, அந்த வேலையை இது பாத்துடுச்சு" என்றார் சித்தப்பா. அன்றைய இரவின் சரியான கணிப்பு அதுதான்.

மூன்றாவதாக, கோல் ரிவர் பகுதியின் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின். இதற்காகத்தான் நான் போயிருந்தேன். சிவப்பு ஒயினில் துவர்ப்பும் சாராயமும் மிகுந்தால் மிளகாய்க் காரம் வாயில் எரிச்சலாக மாறும். மெல்லிய தோல் கொண்ட பினோவில் துவர்ப்பு குறைவு. அதைவிட முக்கியம் கல்பாசி. அதைத் தாளிக்கும்போது எழும் ஈர மரப்பட்டை வாசமும், நல்ல பினோவில் பழத்தின் அடியில் கிடக்கும் காட்டுமண் வாசமும் ஒரே குடும்பம். கல்பாசி தூக்கலாகப் போட்ட காடை வறுவலை அதற்கு இணையாக வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது.

ஆனால் ஒயின் சூடாக இருந்தது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது குளிர்நாட்டு வீடுகளின் அறையைக் குறிக்கும் விதி. பங்குனி இரவில் 32 பாகை இருக்கும் நம் முற்றத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? பினோவுக்கு 14, 15 பாகை போதும். முதல் கிண்ணத்தில் சாராய நெடி முன்னே நின்று பழத்தை மறைத்தது. குளிரிலேயே பிறந்து வளர்ந்த சரக்கைக் கடைசி இருபது அடியில் கெடுத்துவிட்டார்கள்! சித்தப்பா ஒரு வாளி ஐஸ் கேட்டார். பரிமாறிய தம்பி தயங்கினார், ஆனால் கொண்டுவந்தார். பத்து நிமிடம் கழித்து ஊற்றிய இரண்டாம் கிண்ணம் வேறு ஒயின்போலவே இருந்தது.

விலையைப் பற்றி: 2022 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தத்தால், முன்பு 150 விழுக்காடாக இருந்த சுங்கவரி, குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயின்களுக்குக் குறைந்திருக்கிறது, ஆயினும் இவை மலிவான சரக்கல்ல. மூன்று ஒயினும் பன்னிரண்டு வகை உணவும் கொண்ட விருந்துக்கு அந்தத் தொகை நியாயமே என்பேன். கவுனரிசி இனிப்புக்கு ஒயின் எதுவும் வைக்காமல் விட்டதும் நல்ல முடிவு.

இதையே அவர்கள் மார்கழியில் நடத்தினால் மறுபடியும் போவேன். அதற்கு முன்பே நடத்துவதானால், மேசைக்கு ஒரு ஐஸ் வாளி வைக்கட்டும்.