கார் ஆம்ப் இரைச்சல்: ஐசொலேட்டரா, எர்த்தா, கேபிளா?

புதிதாக ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர், பாட்டின் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி) மாட்டிய காரில் பலருக்கும் முதலில் வரும் தொல்லை இதுதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். இதற்கு மூன்று வைத்தியம் சொல்வார்கள். ஹெட் யூனிட் எனப்படும் காரின் மியூசிக் சிஸ்டத்திலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுவது ஒன்று. ஆம்பின் எர்த்தை, அதாவது காரின் உலோக உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பைப் பிரித்துப் புதிதாகப் போடுவது இன்னொன்று. ஆர்சிஏ கேபிளை பவர் கேபிளிலிருந்து விலக்கி வேறு பக்கமாக இழுப்பது மூன்றாவது. என் ஓட்டு எர்த்துக்குத்தான். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் அதற்கு அடுத்துதான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது ஏசி மின்சாரம். உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டிசி ஆக்கினாலும் கொஞ்சம் அலைவு மிச்சமிருக்கும். ஹெட் யூனிட்டுக்கு டாஷ்போர்டு பக்கம் ஒரு எர்த், ஆம்புக்கு டிக்கியில் இன்னொரு எர்த். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும், ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பி வழியாகக் கரண்ட் ஓடத் தொடங்கிவிடும். பாட்டோடு சேர்ந்து அந்த அலைவும் ஆம்புக்குள் போய்ப் பெரிதாகி வெளியே வருகிறது.

ஐசொலேட்டர் என்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு பக்கத்துக்கும் இருக்கும் உலோகத் தொடர்பை அறுத்துவிடுகிறது, சத்தமும் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிட வேலை. அதனாலேயே பலரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் தாழ்ந்த சுரங்களைச் சரியாகக் கடத்த முடியாது. பேஸ் மெலியும், சத்தத்தைக் கூட்டினால் பிசிறடிக்கும். கதவு ஸ்பீக்கருக்குப் போகும் லைனில், ஹை பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த சுரங்களைத் தடுப்பது) போட்டிருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கரின் லைனில் போடவே கூடாது. இதைவிடப் பெரிய குறை, எர்த் மோசமாக இருந்தால் அது மோசமாகவே இருந்துவிடும் என்பது. இரைச்சல் மட்டும்தான் மறையும், ஆம்புக்கு வோல்டேஜ் குறைவதும் அந்த மூட்டு சூடாவதும் தொடரும்.

எர்த்தைத் திருத்துவது ஒரு மணி நேரமாவது பிடிக்கும் வேலை. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எர்த் போடும் இடத்தில் பெயின்ட், பிரைமர் எல்லாவற்றையும் வெறும் இரும்பு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். பவர் கேபிள் எவ்வளவு தடிமனோ எர்த் கேபிளும் அவ்வளவு தடிமன், நீளம் 45 சென்டிமீட்டருக்குள். கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கை நன்றாக அழுத்தி கிரிம்ப் செய்து, போல்ட்டில் இறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே பெயின்ட் அடித்துவிடலாம். சீட் பெல்ட் போல்ட் கைக்கு வசதியாக இருக்கிறதே என்று அதில் மாட்டிவிடாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மல்டிமீட்டரில் ஓம் பார்த்துத் திருப்திப்பட்டால் போதாது. கேபிளின் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் ஓம் நன்றாகவே காட்டும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையை ஒரு நீள ஒயர் மூலம் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். எஞ்சின் ஓட, பாட்டு சத்தமாக ஒலிக்க அளக்க வேண்டும். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல எர்த். 0.5 வோல்ட் தாண்டினால் அந்த வழியில் எங்கோ மூட்டு சரியில்லை, அல்லது கேபிள் மெலிது.

கேபிளை மாற்றி இழுப்பது மூன்றில் அதிக உழைப்பு, பலன் நிச்சயமில்லை. தரைவிரிப்பைப் பிரிக்கும் முன் ஒரு ஆர்சிஏ கேபிளை சீட்டுகளின் மேலேயே போட்டு இணைத்துப் பாருங்கள். அப்படியும் சத்தம் அதே அளவில் இருந்தால் கேபிள் போகும் வழி காரணமில்லை, பிரிக்க வேண்டாம்.

இன்னொரு சோதனை, என்னைக் கேட்டால் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். ஆம்பை அணைத்து, ஆர்சிஏவைக் கழற்றி, பேட்டரியில் ஓடும் ஒரு செல்போனை நேராக ஆம்பில் இணையுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பாட்டு சுத்தமாக வந்தால் சத்தம் ஆம்புக்குள் உண்டாவதில்லை, ஆர்சிஏ இணைப்பு வழியாகத்தான் வருகிறது; ஹெட் யூனிட்டையும் இரண்டு பக்க எர்த்தையும் பாருங்கள். சில ஹெட் யூனிட்டுகளில் ஆர்சிஏவின் வெளிக்கம்பிக்கு உள்ளே ஒரு மிகச் சிறிய ஃபியூஸ் இருக்கும். பவர் இருக்கும்போதே ஆர்சிஏவைச் சொருகினால் அது போய்விடலாம். அதன் பிறகு டிக்கியில் எர்த்தை எத்தனை முறை தேய்த்தாலும் சத்தம் போகாது. ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் ஹெட் யூனிட்டின் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, அடுத்த போட்டி. பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று கொடுக்கும் கெப்பாசிட்டரா, தடிமனான கேபிளா? ஒரு கணக்கைப் பாருங்கள். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது 26 ஜூல். 1000 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது 0.026 வினாடிக்குத்தான் வரும். 40 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரே ஒரு அலைக்கு ஆகும் நேரம் அது. ஆகவே இங்கேயும் கேபிள்தான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு என்று மூன்று கேபிள்களையும் தடிமனாக்கினால் மங்குவது நன்றாகவே குறையலாம். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வாங்கினால் ஒரு சைஸாவது பெரிதாக எடுங்கள். அலுமினியம் கடத்துவது செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். எது போட்டாலும் பவர் கேபிளின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையில் 12.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதென்றால் ஆல்டர்னேட்டரால் ஈடு கொடுக்க முடியவில்லை, அதற்குக் கேபிள் மருந்தாகாது.

கம்பெனி ஹெட் யூனிட்டை வைத்துக்கொண்டே ஆம்ப் போடுபவர்களுக்கு, ஆம்பில் ஸ்பீக்கர் லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரையே நேராக இணைக்கும் வசதி) இருந்தால் அதுவே போதும், ஸ்பீக்கர் ஒயரின் சிக்னலை ஆர்சிஏவுக்கு ஏற்றபடி மாற்றும் தனிக் கன்வெர்ட்டர் தேவையில்லை. இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் வாங்கலாம். ஆனால் ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரை எர்த்தோடு சேர்க்கும் வகை வேண்டாம். இன்றைய ஹெட் யூனிட்டுகளில் பெரும்பாலும் அந்த ஒயர் எர்த் அல்ல, அதிலும் பேட்டரியின் பாதி வோல்டேஜ் அளவுக்கு இருக்கும். சேர்த்தால் ஹெட் யூனிட் கெட்டுப்போகலாம்.