‘தோல்’ என்று இரண்டு ஃபோல்டர்: கிளவுட் மாறிய அனுபவம்

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இருப்புக் கணக்கு பார்க்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரி. 2019 முதல் எங்கள் லாட் (ஒரு தொகுதித் தோல்) கணக்கு, பில், பையர் விவரம், மாதிரித் தோல்களின் போட்டோ எல்லாம் கிளவுடில்தான். நாலு வருஷம் ஒரு சேவை, 2023 கடைசியில் வேறொன்றுக்கு மாறினோம். இரண்டையும் போதுமான காலம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

பைல்களை இடம் மாற்றுவது பெரிய வேலை இல்லை. 2006-ல் அமேசான் கொண்டுவந்த எஸ்3 என்ற சேமிப்புச் சேவையின் ஏபிஐயை, அதாவது மென்பொருள்கள் அதோடு பேசும் முறையை, இன்று பல சேமிப்புச் சேவைகள் ஏற்கின்றன. ஆர்க்ளோன் என்ற இலவச மென்பொருளில் இரண்டு முகவரியையும் கொடுத்தோம், ராத்திரியோடு வேலை முடிந்தது.

காலையில் பார்த்தால் ‘தோல்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர். கூட வேலை செய்யும் பையன், “அண்ணா, ஒண்ணை டெலீட் பண்ணிடட்டுமா?” என்றான். “இருப்பா, தொடாதே” என்றேன். ஒன்றில் 2021 போட்டோக்கள், இன்னொன்றில் மற்றவை. பழைய சேவையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதன் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டியதால் நாங்கள் கவனிக்கவில்லை.

காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. ‘தோ’வில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் (கம்ப்யூட்டரில் எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை) ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் வகையில் ‘தோல்’ 12 பைட், இரண்டாவதில் 15. பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பைல் பெயரைப் பிரித்துச் சேமிக்கும். எங்கள் டிசைனர் 2021-ல் வைத்திருந்தது அப்படி ஒரு மேக். கிளவுட் சேமிப்போ பெயரை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். பையன் சொன்னபடி அழித்திருந்தால் ஒரு வருஷத்துப் படம் போயிருக்கும். பெயர்களை எல்லாம் ஒரே வகைக்கு மாற்றி, அப்புறம் சேர்த்தோம்.

அடுத்தது சிஎஸ்வி, அதாவது கணக்குகள் வந்த, காற்புள்ளியால் பிரித்த அட்டவணை பைல். எக்ஸெலில் அப்படியே திறந்தால் 0417 என்ற லாட் நம்பர் 417 ஆகிவிடுகிறது. 03/04/2021 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று பைலில் எங்கும் இல்லை. எல்லா நெடுவரிசையையும் எழுத்தாக இறக்குமதி செய்து, தேதியை 2021-04-03 என்ற வடிவில் திருத்திக்கொண்டால் இந்தத் தொல்லை விடும்.

உண்மையில் எங்களை வாட்டியது ‘ஏரியா’ என்ற ஒரு நெடுவரிசை. தோலை இங்கே சதுர அடியில் அளப்போம், ஐரோப்பிய பையருக்கு சதுர மீட்டரில் பில் போடுவோம். எந்த பையருக்கு எந்த அலகு என்பது பழைய சேவையில் வேறொரு திரையில் இருந்தது. அந்தச் சேவைக்காரர்கள் கொடுத்த எக்ஸ்போர்ட்டில் (வெளியே எடுத்த தரவில்) அந்தப் பட்டியலே இல்லை. 1,200 என்று நிற்கிறது, எதில் 1,200? ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. பரணிலிருந்து காகித பேக்கிங் லிஸ்ட்டுகளை இறக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். கிளவுட்களுக்கு இடையிலான ஒத்தியக்கத்துக்கு (ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதற்கு) ஐஎஸ்ஓ/ஐஇசி 19941 என்று 2017-ல் ஒரு சர்வதேசத் தரநிலை வந்தது. அது பைலின் வடிவத்தையும் தரவின் பொருளையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறது. ஏன் பிரித்தார்கள் என்பது அந்த ஒரு வாரத்தில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. பழைய பதிவில் ஆம்பூர் பையர் ‘வேலூர்’, புதியதில் ‘திருப்பத்தூர்’. ஒரே ஆள் இரண்டு கணக்காக வந்து நின்றார்.

புதிய சேவையில் எனக்குப் பிடித்தது, எக்ஸ்போர்ட்டோடு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகும் விளக்கமும் சொல்லும் தனி பைல் வருகிறது. பிடிக்காதது, பில்லோடு இணைத்த போட்டோக்களுக்கு வெறும் லிங்க்தான் வருகிறது. கணக்கை மூடினால் லிங்க்கும் செத்துவிடும். கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. வெளியேறும் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முழுதாக விலகுகிறவர்களுக்குத் தரவை வெளியே எடுக்கும் கட்டணத்தை 2024-ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே நீக்கின. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை முழு எக்ஸ்போர்ட் எடுத்து, இன்டர்நெட் இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸில் திறந்து, ஏதாவது பத்து லாட்டைக் காகிதத்தோடு ஒப்பிடுகிறோம். போட்டோக்களை லாட் நம்பர் போட்டுத் தனியாக இறக்கி வைக்கிறோம். அந்த வேலையை இப்போது பையன்தான் பார்க்கிறான்.