காவலுக்கு ஒரு ஆப், காவலாளியாக நான்: 5க்கு 2

ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆபாசப் படம் பார்ப்பதை நிறுத்த உதவும் ரகம். பார்ப்பவரின் போனில் போட்டுவிட்டால், அவர் நம்புகிற இன்னொருவருக்கு ரிப்போர்ட் போகும். என் வீட்டுக்காரர் போனில் ஆப், ரிப்போர்ட் வாங்குகிற ஆள் நான். எட்டு மாதம் ஓட்டினோம்.

தடுக்கிற வேலையை ஒழுங்காகவே செய்கிறது. போனுக்குள் விபிஎன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பார்த்து மறிக்கிறது. இன்காக்னிட்டோவில் போனாலும் தப்ப முடியாது. அவ்வப்போது திரையைப் படம் பிடித்து, மங்கலாக்கி எனக்கு அனுப்பும். பேட்டரியைக் குடிக்கும், அது போகட்டும்.

எரிச்சலே அலாரம்தான். தங்கைக்குக் குழந்தை பிறந்த வாரம், தாய்ப்பால் கொடுக்கும் முறை பற்றிய பக்கம் ஒன்றை அவர் போனில் நான்தான் திறந்தேன். உடனே என் போனில் சிவப்பு எச்சரிக்கை. இருவரும் சிரித்தோம். இன்னொரு நாள் அதே சிவப்பு ஆபீஸ் மீட்டிங் நடுவே வந்தது. சாயங்காலம் வரை வயிற்றைப் பிசைந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், உள்ளாடை விளம்பரம். "நீ என்ன எனக்கு வார்டனா?" என்றார். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் இந்த ஆப்பைப் போடச் சொன்னதற்கு, அவர் பார்த்த படங்களைவிட மறுநாள் அவர் நடந்துகொண்ட விதம்தான் பெரிய காரணம். போனைக் கவிழ்த்தே வைப்பார். குளிக்கப் போனாலும் கையோடு போகும். "நீ படு, வரேன்" என்பார், ஒன்றரை மணிக்கு வருவார். காலையில் நான் எதைச் சொன்னாலும் ஒரு "ம்". சில நாள் நேர்மாறாக, கேட்காமலே பாத்திரம் முழுக்கக் கழுவி வைத்திருப்பார். குற்ற உணர்ச்சியில் கழுவிய பாத்திரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அத்தனை பளபளப்பு. ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது. 'சுத்தமான வாரம்' என்று பச்சைக் குறி வந்த வாரங்களிலும் போன் கவிழ்ந்தேதான் கிடந்தது.

தொடக்கத்தில் ஒரு கேள்வித்தாள் வரும். அவர் பதில்களை முடித்ததும் 'நீங்கள் அடிமை' என்றது. வேடிக்கைக்கு நானும் பதில் போட்டேன், நானும் அடிமையாம்! உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' என்று ஒன்று இருக்கிறது. அதை அடிமைத்தனத்தோடு சேர்க்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்படுத்த முடியாமல் போய், வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். தப்பு செய்கிறோமே என்ற உறுத்தல் மட்டும் போதாது. ஆப்பின் இன்னொரு பக்கம் ஆபாசப் படம் கல்யாணத்தையே உடைக்கும் என்று அடித்துச் சொல்கிறது. 2017இல் 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பார்க்கிற ஆண்களுக்கு உறவில் திருப்தி சற்றுக் குறைவு என்றார்கள். பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. திருப்தி குறைந்ததால் பார்த்தார்களா, பார்த்ததால் குறைந்ததா என்பது இத்தகைய ஆய்வுகளில் பிடிபடாது. எங்கள் வீட்டில் எனக்கே பிடிபடவில்லை.

ஆறாம் மாதம் அலமாரியில் துணி எடுக்கும்போது பழைய டேப்லெட் கையில் பட்டது. சூடாக இருந்தது. ஆப் போனில் மட்டும்தானே! கத்தத் தெம்பில்லை. அதை மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தேன். இரவு அவராகவே வந்து உட்கார்ந்தார். வேலையில் திட்டு வாங்கிய நாள், தூக்கம் வராத நாள், இந்த இரண்டிலும்தான் தேடுவதாகச் சொன்னார். கேட்கக் கூசிய கேள்வியைக் கேட்டேன்: "என்கிட்ட என்னங்க குறை?" "அந்த நேரத்துல உன் ஞாபகமே வராது" என்றார். ஆறுதலா, அடியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆப்பை நீக்க என் போனுக்கு வரும் எண் வேண்டும். எட்டாம் மாதம் அதை வாசித்துக் காட்டினேன், அவர் அழுத்தினார். இப்போதும் சில இரவு பார்க்கிறார், சொல்லிவிடுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நட்சத்திரமும் தடுப்பு வேலைக்கு. வாங்குகிறவர்கள் கவனிக்க: ஆப்பை நீக்கினால் சந்தா தானாக நிற்காது, ஸ்டோரில் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். எங்களுக்கு ஒரு மாதம் தண்டமாகப் போனது.