செங்குத்துச் சரிவில் மான் வேட்டை: ட்ரீ சாடிலோடு என் அனுபவம்

மேற்கு வர்ஜீனியாவில், மொனாங்கஹேலா தேசியக் காட்டை ஒட்டிய மலைகளில் பல சீசன்களாக வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். முன்பு க்ளைம்பர் ஸ்டாண்ட் (மரத்தண்டைப் பற்றியபடி படிப்படியாக மேலே நகர்த்தும் இருக்கை) வைத்திருந்தேன், இப்போது சாடில். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை அது. மரத்தில் கட்டிய கயிற்றில் சாய்ந்து தொங்கியபடி, காலுக்கடியில் ஒரு சின்னத் தட்டில் நிற்கலாம். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே உரிமம், சீசன், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து அரசே அனுமதிக்கிறது.)

சாடில் என்றதும் எல்லோரும் எடையைத்தான் பேசுவார்கள். சரிதான். 20 பவுண்டு ஸ்டாண்டைச் சுமந்து இருட்டில் ஏறினால் மேலே போவதற்குள் சட்டை நனைந்துவிடும், அந்த வியர்வை வாடையே மானை விரட்டப் போதும். ஸ்டாண்டுக்குக் கிளையில்லாத நேரான மரமும் வேண்டும். சரிவில் அப்படி மரம் கிடைப்பது அரிது. ஆனால் நான் சாடிலை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. சமதரையில் 20 அடி ஏறினால் மானின் பார்வைக்கு மேலே இருப்போம். செங்குத்துச் சரிவில் அதே உயரத்தில் இருந்தால், மேலிருந்து இறங்கி வரும் மானுக்கு நேர்க்கு நேராகத் தெரிவோம். சாடிலில் மரத்தைப் பார்த்தபடி தொங்குவதால், மெல்ல நகர்ந்து தண்டுக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாம்.

அப்புறம் காற்று. மலை வேட்டையில் பாதி இதுதான். வெயில் பட்டுச் சரிவு சூடேறினால் காற்று மேலே ஏறும், மாலையில் குளிர்ந்து ஓடைப் பக்கம் இறங்கும். கிழக்குச் சரிவில் காலை வெயிலும் முதலில், மாலை நிழலும் முதலில். அதனால் இரண்டு மாற்றமும் அங்கே சீக்கிரம் வந்துவிடும். வயது முதிர்ந்த ஆண் மான் பெரும்பாலும் காற்று மறைவான சரிவில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, மலை மூக்கு நீட்டிய இடத்தில் படுக்கும். முதுகுக்குப் பின்னால் யார் வந்தாலும் முகடு தாண்டி வரும் காற்று வாடையைக் கொண்டுவந்துவிடும். கீழ்ப்பக்கத்தைக் கண் பார்த்துக்கொள்ளும், வெயில் ஏறியபின் கீழிருந்து எழும் காற்றும் அங்கேயே வந்து சேரும். அந்தப் படுக்கையை நேராக நெருங்க முயல்வது வீண் வேலை. அது இரைக்குப் போய்வரும் வழியில்தான் காத்திருக்க வேண்டும். சரிவின் நடுவே வரும் சமதளத் திட்டு, பழைய மரவெட்டுச் சாலை, முகட்டில் தாழ்ந்த கணவாய் இவையெல்லாம் நல்ல இடங்கள். காலையில் மான் தடத்துக்கு மேலே இருப்பேன், மாலையில் கீழே. விடியுமுன் காற்று இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், ஏறிப்போவது முகட்டின் மறுபக்கம் வழியாக.

காற்றைப் பார்க்க மில்க்வீட் பஞ்சு வைத்திருக்கிறேன். நம்மூர் எருக்கின் சொந்தக்காரச் செடி, காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. கடையில் விற்கும் பொடி கைக்கெட்டும் தூரம் வரைதான் தெரியும். பஞ்சோ வெகுதூரம் மிதந்துபோய், ஓடைமேல் சுழன்று நம் பக்கமே திரும்புவதைக்கூடக் காட்டும். அது தப்பான பக்கம் போனால் இறங்கி வேறு மரத்துக்குப் போய்விடுவேன். ஸ்டாண்டோடு இருந்தபோது, மறுபடி யார் ஏறுவது என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம்.

செப்டம்பர் கடைசியில் வில் சீசன் தொடங்கும்போது வெள்ளை ஓக் கொட்டை விழும் திட்டுகளைத் தேடுங்கள். சிவப்பு ஓக் கொட்டையைவிடத் துவர்ப்பு குறைவு, மானுக்கு அதுதான் பிடிக்கும்.

கீழ்நோக்கி எய்யும்போது கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 டிகிரி சாய்வில் 30 கெஜம் என்றால் 26 கெஜத்துக்குத்தான் குறி. கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) மலையில் அவசியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இடுப்பெலும்பை அழுத்தும், பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினால் குறையும். முட்டிக்கவசம் இல்லையென்றால் மரப்பட்டை முட்டியைத் தேய்த்துவிடும். வலது கைக்காரர்களுக்கு வலது பக்கம் வரும் மான் பெரிய தொல்லை, அதனால் தடம் இடது பக்கம் விழும்படி கட்டுவேன். நவம்பர் குளிரில் நாள் முழுக்கத் தொங்கினால் கால் மரத்துப்போகும். துப்பாக்கி சீசனில் நான் சாடிலைத் தொடுவதே இல்லை. சட்டம் கேட்கும் 400 சதுர அங்குல ஆரஞ்சு உடையைப் போட்டுக்கொண்டு, ஒரு ஓக் மரத்தில் முதுகு சாய்த்து எதிர்ச்சரிவைப் பார்த்து உட்கார்வதே சுகம்.

சாடில் வாங்க நினைப்பவர்கள் முதலில் வீட்டுப் பக்கத்து மரத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பழகுங்கள். ஏறும்போதும் லைன்மேன் கயிறு (இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்புக் கயிறு) மரத்தைச் சுற்றியே இருக்கட்டும். சரிவின் கீழ்ப்பக்கம் விழுந்தால், விழும் உயரம் ஏறிய உயரத்தைவிட அதிகம். மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, விழுந்த மானை எந்தப் பக்கம் இழுத்துப்போவது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கீழே சாலை இல்லாத சரிவென்றால் உதவிக்கு ஓர் ஆள் இல்லாமல் நான் போவதில்லை.