கம்பளக் கடற்சாமந்தி: பழகிய தொட்டிக்கு ஹாடோனியா, ஜைகான்டியாவா?

ஒரு கடல்நீர்த் தொட்டி ஓராண்டைக் கடந்து, நைட்ரேட்டும் காரத்தன்மையும் ஏறி இறங்காமல் நிலைபெற்று, மீன்களும் பவளங்களும் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கம்பளம்போல விரியும் கடல்விலங்கான கம்பளக் கடற்சாமந்தியைப் (கார்பெட் அனிமோன்) பற்றி யோசிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் அநேகமாக எல்லோருமே ஏற்றுக்கொள்கிறார்கள். எந்த இனத்தை வாங்குவது, அதை எந்த வழியில் தொட்டிக்குள் விடுவது என்ற கேள்விகளில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. பலரும் நிறத்தையும், கடற்சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீன்களில் தங்களிடம் உள்ளது எது என்பதையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை தொட்டியின் அடித்தளமும் நீரோட்டமும்தான் என்பது என் உறுதியான எண்ணம். புதிதாக வரும் ஓர் உயிருக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைக் கலைத்து மாற்றி அமைத்தால் அங்கே முன்பே வாழ்பவை எல்லாம் அந்த மாற்றத்தைத் தாங்க வேண்டியிருக்கும். தொட்டி இன்று இருக்கும் நிலைக்கு ஒத்துவரும் இனத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இந்தோ-பசிபிக் கடற்பகுதியிலிருந்து கம்பளக் கடற்சாமந்தி என்ற பெயரில் விற்பனைக்கு வரும் பெரிய இனங்கள் மூன்று: ஸ்டைகோடாக்டைலா ஹாடோனி, ஸ்டைகோடாக்டைலா ஜைகான்டியா, ஸ்டைகோடாக்டைலா மெர்டென்சி. இவற்றில் மெர்டென்சியை இந்த ஒப்பீட்டிலிருந்து உடனே விலக்கிவிடலாம். கடலில் ஒரு மீட்டருக்கும் அதிகமாக விரியக்கூடிய அந்த உயிருக்குச் சாதாரண வீட்டுத் தொட்டியில் இடம் போதாது. குட்டிக் கம்பளம் என்று விற்கப்படும் டேபட்டம் அளவில் மிகச் சிறியது. கோமாளி மீன்களுக்கு அது வீடாக அமைவதில்லை என்பதால் அதையும் இங்கே பேசப்போவதில்லை.

ஆக, போட்டி ஹாடோனிக்கும் ஜைகான்டியாவுக்கும்தான். கடையில் ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்பது அரிதல்ல. ஆகவே இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். ஹாடோனியின் உணர்கொம்புகள் மிகக் குட்டையானவை; நுனி சற்று உருண்டு, நெருக்கமாக நெய்த விரிப்பின் பரப்பைப் போல அடர்ந்திருக்கும். ஜைகான்டியாவின் உணர்கொம்புகள் அதைவிட நீளமானவை, நுனி நோக்கிச் சற்றே கூர்ந்தவை. நலமாக உள்ள ஜைகான்டியாவை நல்ல நீரோட்டத்தில் அருகே நின்று பார்த்தால், அந்தக் கொம்புகள் ஓய்வின்றி மெல்ல அதிர்ந்துகொண்டே இருப்பது தெரியும். ஓரம் மடங்கும்போது அடிப்பக்கத்தில் தெரியும் சிறு புடைப்புகளும் துப்புத் தரும்: அவை நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் அது பெரும்பாலும் ஜைகான்டியா; ஆரஞ்சு அல்லது மெஜந்தா நிறமாக இருந்தால் மெர்டென்சி என்று சந்தேகிக்கலாம். கண்ணைப் பறிக்கும் ஒரே சீரான மஞ்சளோ நீலமோ தெரிந்தால், அது சாயம் ஏற்றப்பட்டதாக இருக்கக்கூடும். வெளுத்துப்போய், உடலுக்குள் வாழும் சூசாந்தெல்லா பாசிகளை இழந்த கடற்சாமந்தியே பெரும்பாலும் இப்படிச் சாயம் ஏற்றப்படுகிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.

இயற்கையில் ஹாடோனி மணலில் வாழ்வது. பற்றிக்கொள்ள உதவும் அடிப்பகுதியான பாதத்தை ஆழத்தில் புதைத்து, கம்பளத்தை மட்டும் மணலுக்கு மேலே விரித்து வைத்திருக்கும். அச்சுறுத்தப்பட்டால் முழுவதுமாக மணலுக்குள் இழுத்துக்கொள்ளும். எனவே பத்து செண்டிமீட்டர் அளவுக்காவது மணற்படுகை உள்ள தொட்டியில், பாதம் கீழே அடிக்கண்ணாடியையோ புதைந்த பாறையையோ பற்றிக்கொள்ள வழியிருந்தால், அது ஊர்ந்து திரியாமல் ஓரிடத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம். ஜைகான்டியா ஆழம் குறைந்த, அலையடிக்கும், கடும் வெயில் விழும் இடங்களைச் சேர்ந்தது. வலுவான விளக்கும், ஒரே திசையில் பீறிட்டு அடிக்காமல் மாறி மாறி வரும் பலமான நீரோட்டமும் அதற்கு வேண்டும். இவை இல்லாத தொட்டியில் அது தனக்கேற்ற இடத்தைத் தேடி அலையும். அலையும் கடற்சாமந்திக்கு மிகப் பெரிய ஆபத்து, நீரோட்டத்தை உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்தான். உறிஞ்சும் வாயில் சிக்கிக் கிழிந்தால் அந்த உயிர் போவதோடு, சிதறிய திசுக்களால் தொட்டி நீரும் கெட்டுவிடும். எந்த இனமானாலும் வாங்குவதற்கு முன்பே பம்புகளுக்கு ஸ்பாஞ்சு உறையோ வலைக்கூண்டோ மாட்டிவிட வேண்டும்.

பாறைகள் நிறைந்து மணல் மெலிதாகப் பரவிய, பாறைகளின் மேல்மட்டத்தில் வைக்கும் பவளங்களுக்காக ஒளியும் ஓட்டமும் கூட்டப்பட்ட தொட்டி ஏற்கெனவே பாதி ஜைகான்டியாவுக்காகவே அமைந்தது போன்றதுதான். திறந்த மணல்வெளியும் மிதமான ஓட்டமும் உள்ள தொட்டியில் ஹாடோனியைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவும் கணக்கில் வர வேண்டும்: ஹாடோனி 80 செண்டிமீட்டர் வரை விரியக்கூடும், ஜைகான்டியா 50 செண்டிமீட்டரைத் தாண்டுவது அரிது.

பழகிய தொட்டியில் ஏற்கெனவே வாழும் மீன்களை நினைத்தால் ஹாடோனிக்கு எதிராக ஒரு வலுவான வாதம் எழுகிறது. இரண்டு இனங்களின் கொட்டும் செல்களும் கடுமையானவை, இரண்டும் மீனைப் பிடித்து விழுங்கக்கூடியவை. ஆனாலும் மணல்மட்டத்தில் விரிந்து கிடக்கும் ஹாடோனியின் மேல்தான் அடித்தளத்தில் உலவும் மீன்கள் அடிக்கடி போய் விழுகின்றன. கோபி, பிளென்னி, மாண்டரின் போன்றவை இரவில் விளக்கணைந்த பிறகு வழி தவறி அதன்மேல் படிந்தால் திரும்பி வருவதில்லை. இந்த மீன்கள் மேல் உங்களுக்குப் பிரியம் அதிகமென்றால், மணல்வெளி எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் ஹாடோனியைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம். தொட்டியில் வேறு இனக் கடற்சாமந்தி இருந்தால், ஒன்றுக்கொன்று நீரில் வெளியிடும் வேதிப்பொருள்களும் தொல்லை தரும். ஆக்டிவேட்டட் கார்பன் அதை ஓரளவு குறைக்கும் என்றாலும் ஒரே தொட்டியில் இரண்டையும் வைக்காமல் இருப்பதே மேல்.

பயணத்தைத் தாங்கும் திறத்தில் ஹாடோனி முந்துகிறது. ஜைகான்டியா கடலிலிருந்து பிடிக்கப்பட்டு, பைகளில் அடைபட்டு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்றுக்கு ஆளாகிவிடுகிறது. முதல் நாள் அழகாக விரிந்த ஜைகான்டியா, அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு நாளும் சுருங்குவதும் மீண்டும் ஊதுவதுமாக இருந்து, வாய் தளர்ந்து திறந்து, உள்ளேயிருக்கும் திசு வெளியே தெரியும் நிலைக்கு வந்துவிட்டால் அதை மீட்பது கடினம். இரவில் எப்போதாவது ஒருமுறை சுருங்கிக் கழிவை வெளியேற்றுவது இயல்பு. நாள் தவறாமல் சுருங்குவது நோயின் அறிகுறி. கடையில் பார்க்கும்போதே வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதத்தில் கிழிசல் இல்லையா, உணர்கொம்புகள் ஒட்டும் தன்மையோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த வேறுபாடுதான், தொட்டிக்குள் நேராக விடுவதா, தனித் தொட்டியில் சிகிச்சை முடித்து விடுவதா என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. நேராக விடும் முறை எளியது. பையை மிதக்கவிட்டுப் பதினைந்து இருபது நிமிடத்தில் வெப்பநிலையைச் சமப்படுத்தி, பின் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடவோ சொட்டுமுறையில் தொட்டி நீரைச் சேர்த்து, உப்பளவு ஒத்து வந்ததை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொண்டு, பை நீரைத் தொட்டியில் கொட்டாமல் கடற்சாமந்தியை மட்டும் மாற்றுவது. ஹாடோனிக்கு மணலில் ஒரு குழி தோண்டி, பாதம் கீழே படும்படி வைத்து, அது பற்றிக்கொள்ளும் வரை பம்புகளை அரைமணி நேரம் நிறுத்திவைக்கலாம். பயணத்தால் உயிருக்கு ஏற்படும் அலைச்சல் இதில் ஒரே தடவையோடு முடிகிறது. இதன் பெரிய நன்மை அதுதான்.

தனித் தொட்டி முறையில் நாற்பது லிட்டர் அளவுள்ள, மணலும் பாறையும் இல்லாத வெறுந்தொட்டி, ஹீட்டர், மிதமான ஓட்டம், பகலில் போதுமான வெளிச்சம் ஆகியவை வேண்டும். பொழுதுபோக்கு வளர்ப்பாளர்களிடையே பரவலாக உள்ள வழக்கம் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைத் தருவது: சுமார் நாற்பது லிட்டருக்கு 250 மில்லிகிராம், ஒளியில் அது சிதைவதால் விளக்கணைந்த பிறகு, தினமும் ஒரே வெப்பமும் உப்பளவும் கொண்ட புதுநீரால் பெருமளவு நீரை மாற்றியபடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. இதை முதன்மைத் தொட்டியில் செய்யவே கூடாது. அங்குள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அந்த மருந்துக்கு இலக்காகும். மருந்தைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு பெறுவதே முறை. வேலை அதிகம், தினசரி நீர் கலக்க வேண்டும், உயிரை இருமுறை இடம் மாற்ற வேண்டும் என்பன இதன் குறைகள்.

ஜைகான்டியாவுக்கு, பார்வைக்கு எவ்வளவு நலமாக இருந்தாலும், தனித் தொட்டி முறையே சரி என்பது என் முடிவு. ஒரு பெரிய கடற்சாமந்தி கண்ணில் படாமல் இரவில் இறந்து அழுகினால் அம்மோனியா ஏறி, ஆண்டுக்கணக்கில் வளர்த்த மீன்களும் பவளங்களும் காலைக்குள் பலியாகக்கூடும். நேற்று தொடங்கிய தொட்டியில் இழக்க அதிகம் இல்லை, பழகிய தொட்டியில் எல்லாமே இருக்கிறது. வாய் இறுகி, பாதம் முழுமையாக உள்ள ஹாடோனியை நேராக விடலாம்; பாதம் கிழிந்திருந்தாலோ வாய் தளர்ந்திருந்தாலோ அதற்கும் தனித் தொட்டிதான்.

கோமாளி மீன் விஷயத்தில் இயற்கை ஜைகான்டியாவின் பக்கம் சாய்கிறது: ஓசெல்லாரிஸ், பெர்குலா ஆகிய இரண்டு கோமாளி இனங்களும் கடலில் ஜைகான்டியாவில் வாழ்பவை. ஹாடோனியில் வாழ்பவை கிளார்க்கி, பாலிம்னஸ், செபே போன்றவை. ஆயினும் தொட்டியில் ஓசெல்லாரிஸ் ஹாடோனியை ஏற்றுக்கொள்வது சகஜம் என்பதால், இதை மட்டும் காரணமாக வைத்து இனத்தைத் தேர்வது தேவையற்றது. கவலைப்பட வேண்டியது வேறொன்று: ஆர்வமிகுந்த கோமாளி இணை புதிதாக வந்த கடற்சாமந்தியின்மேல் ஓயாமல் உரசி, அது விரிவதற்கே விடாது. அவ்வாறானால் பாதம் ஊன்றி, இரண்டு மூன்று நாள் முழுதாக விரிந்து நிற்கும் வரை மீன்களை வலைப்பெட்டியில் பிரித்து வைக்கலாம். விளக்கைப் பாதி அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் வாரம் உணவு தேவையில்லை. பிறகு சுண்டுவிரல் நகத்தளவு இறால் துண்டு ஒன்றைக் கொடுத்து, அது வாய்க்குள் போகும் வரை கிளீனர் இறால்கள் பிடுங்கிக்கொள்ளாதபடி அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.