பதட்டத்தை குறைக்குற ஆப், காசு குடுத்து வாங்கலாமா?

ஆபீஸ்ல பாதி பேர் வச்சிருக்காங்கன்னு நானும் இறக்குனேன். பேர் போடல, ப்ளே ஸ்டோர்ல இதே மாதிரி எக்கச்சக்கமா இருக்கு, உள்ள இருக்குறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: மூச்சுப் பயிற்சி, 5-4-3-2-1ன்னு சுத்தி இருக்குறதை எண்ணுற பயிற்சி, மழை சத்தம். வருஷ சந்தா ரெண்டாயிரத்துக்கு பக்கம்.

மூச்சு பகுதி செம. நாலு எண்ணி இழுக்கணும், ஆறு எண்ணி விடணும், அதுக்கேத்த மாதிரி போன் லேசா அதிரும், கண்ணை மூடிட்டே பண்ணலாம். மூச்சு விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும், அதனாலதான் விடுறதை நீட்டச் சொல்றாங்க. படபடப்பா இருக்குன்னு சொன்னா நம்ம வீட்ல "நல்லா மூச்சை இழுத்து விடு"ம்பாங்க, அதுல பாதிதான் சரி, வேக வேகமா பெருசா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு விரல் மரத்துப்போய் தலை கிர்ருன்னு சுத்தும், அதைப் பாத்து ஹார்ட் அட்டாக்கோன்னு பயம் இன்னும் ஏறும். இதை ஆப்ல தெளிவா போட்டிருக்கான், பாராட்டணும். (புதுசா நெஞ்சு வலின்னா ஆப்பை திறக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க.)

சொதப்பல் எங்கன்னா 5-4-3-2-1ல. கண்ணுக்கு தெரியுற அஞ்சு பொருள், தொடுறதுக்கு நாலு, காதுல விழுறது மூணு, வாசனை ரெண்டு, ருசி ஒண்ணு. நாளைக்கு என்ன ஆகுமோன்னு ஓடுற மனசை இப்போ இருக்குற எடத்துக்கு இழுத்துட்டு வர்றதுதான் இதோட வேலை. ஆனா இவன் என்ன பண்றான், ஒவ்வொண்ணையும் டைப் பண்ணி நெக்ஸ்ட் அமுக்க சொல்றான், சுத்திப் பாக்க வேண்டியவன் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருக்கேன், நடுவுல மேல வாட்ஸ்அப் எட்டிப் பாக்குது, அதுவும் மேனேஜர்.

தாம்பரம் லோக்கல்ல ஒருநாள் வெறுத்துப்போய் போனை பாக்கெட்ல போட்டுட்டு சும்மா பண்ணிப் பாத்தேன். ஜன்னல் கம்பி சில்லுன்னு, பெயிண்ட் உரிஞ்ச எடம் மட்டும் சொரசொரன்னு விரல்ல படுது, எதிர் சீட் அக்கா தலையில மல்லி, கூடவே யாரோ பிரிச்ச ஆரஞ்சுத் தோல் வாசம். குரோம்பேட்டைல ஆரம்பிச்சது மீனம்பாக்கம் தாண்டுறதுக்குள்ள கை நடுக்கம் நின்னுடுச்சு. இதுக்கு எதுக்குங்க சந்தா?

தமிழ் குரல் இருக்குன்னு பெருமையா போட்டிருக்கான், கேட்டா "தங்கள் பாதங்கள் தரையைத் தொடுவதை உணருங்கள்"னு ரயில்வே அறிவிப்பு மாதிரி வருது. எனக்கு சிரிப்பு வந்து பதட்டம் குறைஞ்சது வேற கதை. குளிர்ந்த தண்ணில முகத்தை முக்குற பயிற்சியும் இருக்கு, அது துடிப்பை மெதுவாக்கும், நிஜமாவே வேலை செய்யும், ஆனா ஹார்ட் பிரச்சனை உள்ளவங்க டாக்டரை கேக்காம பண்ணக்கூடாதுன்னு ஒரு வரி கூட இல்ல.

அதை விட கடுப்பு, அவசர உதவி பட்டனை அமுக்குனா 988னு வருது. அது அமெரிக்கா நம்பர்! இங்க அடிக்க வேண்டியது 14416, டெலி மானஸ்ங்குற மனநல உதவி லைன், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெடுற அளவுக்கு பதட்டம் இருந்தா அங்க பேசுங்க இல்ல டாக்டரை பாருங்க, அதுக்கு ஆப் பத்தாது.

என் ரேட்டிங் 5க்கு 2.5, அதுவும் அந்த அதிர்வுக்காக. ட்ரையல் போட்டு பாக்குறவங்க ஒண்ணு கவனிங்க, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணா சந்தா நிக்காது, ப்ளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸ்க்குள்ள போய் கேன்சல் குடுக்கணும், இல்லன்னா ட்ரையல் முடிஞ்சதும் காசு எடுத்துருவான்.